நடனக்காரியும் சிப்பாயும்: பழைய ஜெர்மன் படம், பெயர் தெரிந்தவர்கள் சொல்லவும்

கடைசி வரிசை | வெள்ளி, இரவு 10.42

ஒரு படத்தின் பெயர் தெரியாமல் பல ஆண்டுகளாகத் தவிக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி நாட்களில், ஒரு திரைப்படக் கழகத்தில் பார்த்தது. கறுப்பு வெள்ளை, ஜெர்மன் மொழி. கீழே ஓடிய ஆங்கில வரிகள் வெள்ளை. படத்தில் பாதி நேரம் பனி, அதுவும் வெள்ளை. ஆகவே கதையை ஊகித்துத்தான் பார்த்தோம்.

நினைவில் நிற்பது இவ்வளவுதான். ஒரு நடனக்காரி. ஓர் இளம் ராணுவ அதிகாரி. ஆள் நடமாட்டமில்லாத ஒரு காப்பிக் கடையில் இரவில் இருவரும் ஆடுகிறார்கள், நிறுத்தாமல் ஆடுகிறார்கள். பிறகு பனிக்காட்டில் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் போகிறார்கள். கடைசியில் எங்கோ தொலைவில் துப்பாக்கி இரண்டு முறை வெடிக்கிறது. அவன் போய்விடுகிறான், பின்னாலேயே அவளும். படம் முடிந்து வெளியே வந்தபோது என் பக்கத்து இருக்கை நண்பன் டீ குடிக்கக்கூட நிற்கவில்லை, நேரே விடுதிக்கு நடந்துவிட்டான்.

கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குப் புண்ணியம்.

மூன்றாம் மணி | வெள்ளி, இரவு 11.15

நடனக்காரி, சிப்பாய், ஜெர்மனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1918இல் எடுத்த 'கார்மென்'. போலா நெக்ரியும் ஹாரி லீட்கேயும் நடித்தது. ஆனால் அது மௌனப்படம், துப்பாக்கிச் சத்தம் கேட்க வழியில்லை. 1932இல் பார்பரீனா என்ற நடனக்காரியைப் பற்றி ஒரு படம் வந்தது, லில் டாகோவர் நடித்தது. அங்கே நாயகன் சிப்பாய் இல்லை, பிரஷ்ய மன்னர் பிரெடரிக். 1942இல் வந்த 'டீ குரோஸ லீப', அதாவது 'பெருங்காதல்', மேடைப் பாடகிக்கும் விமானப்படை அதிகாரிக்கும் நடக்கும் கதை. அதில் காதலர் இருவருமே பிழைத்துக்கொள்கிறார்கள். மூன்றும் உங்கள் அடையாளத்துக்குப் பொருந்தவில்லை. காப்பிக் கடை நடனம் என்றதும் நாலாவதாக ஒன்று நாக்கு நுனியில் நிற்கிறது, வர மறுக்கிறது.

வீணை நரம்பு | சனி, காலை 6.20

ஐயா, நீங்கள் பார்த்தது 'லீபெலாய்'. 1933. இயக்கியவர் மாக்ஸ் ஓபுல்ஸ். ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் எழுதிய நாடகத்தின் திரை வடிவம். நாடகம் 1895இல் வியன்னாவின் பர்க் தியேட்டரில் அரங்கேறியது.

ஒரு திருத்தம்: அவள் நடனக்காரி இல்லை. கிறிஸ்டீன் வைரிங் என்பது பெயர். நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் வாசிக்கும் ஒரு முதியவரின் மகள். பாடகியாக வேண்டும் என்பது ஆசை. தேர்வுக்காகப் போய் பிராம்ஸின் ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் பாடுவாள். படம் முழுவதிலும் அவள் மேடையேறி ஆடுவதே இல்லை. ஆனாலும் உங்கள் நினைவு அவளை நடனக்காரி ஆக்கியதில் வியப்பில்லை. அந்தக் காப்பிக் கடைக் காட்சியைப் பார்த்தவர் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முடிவையும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

காசு போட்டால் தானே இசைக்கும் ஒரு பெட்டி. கடை மூடும் நேரம். பிரிட்ஸ் லோப்ஹைமர் என்ற அந்த லெப்டினன்ட்டும் கிறிஸ்டீனும் வால்ட்ஸ் ஆடத் தொடங்குகிறார்கள். இருவரும் அப்போதுதான் அறிமுகமானவர்கள், பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. கேமரா அவர்களோடு சேர்ந்து நகர்கிறது, மேசை நாற்காலிகளுக்கு இடையே, அவசரமே இல்லாமல். 'உன்னை விரும்புகிறேன்' என்று ஒருவரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் இசை தீர்ந்துபோகும் நேரத்தில் எல்லாம் முடிவாகியிருக்கும்.

கடைசி வரிசை | சனி, காலை 7.05

அம்மா, கோடி நன்றி. பெயரைப் பார்த்ததுமே உடம்பு சிலிர்த்துவிட்டது. நடனக்காரி இல்லையா! இத்தனை ஆண்டுகளாக எல்லோரிடமும் நடனக்காரி என்றே சொல்லிவந்திருக்கிறேன்.

பழந்திரை | சனி, காலை 9.30

'லீபெலாய்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஜெர்மனில் 'லீப' என்றால் காதல். அந்தச் சொல்லின் வாலை இப்படி நீட்டினால் எடை குறைந்துவிடும். காதல் மாதிரி ஒன்று, பொழுதுபோக்குக் காதல். 'சரசம்' என்று போடலாமா? 'சல்லாபம்' என்றால் கொஞ்சம் கொச்சையாகிவிடுகிறது.

மூன்றாம் மணி | சனி, காலை 9.48

'சும்மா ஒரு காதல்' என்று வையுங்கள். அந்த 'சும்மா'வில் எல்லாம் வந்துவிடும். வியன்னாவின் பணக்கார இளைஞர்கள் புறநகர்ப் பெண்களோடு பழகியது இந்தச் 'சும்மா' கணக்கில்தான். அந்தப் பெண்களுக்கு 'இனிய பெண்' என்று ஒரு செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். ஷ்னிட்ஸ்லர் அதை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். கிறிஸ்டீன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் உண்மையாகவே காதலித்துவிடுகிறாள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அவளுடைய தோழி மிட்ஸிக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவள் பிழைக்கிறாள்.

பழந்திரை | சனி, காலை 10.10

இன்று காலையே படத்தை மறுபடி பார்த்துவிட்டேன். எனக்கு பிரிட்ஸ் மேல் எரிச்சல்தான் வருகிறது. கிறிஸ்டீனைச் சந்திக்கும் முன்பே ஒரு பிரபுவின் மனைவியோடு அவனுக்குத் தொடர்பு. சரி, அதை முறித்துக்கொள்கிறான், நல்லது. ஆனால் கிறிஸ்டீனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானா? பிரபு வந்து துவந்த யுத்தத்துக்கு, அதாவது மானம் காக்க இருவர் துப்பாக்கியோடு நேருக்கு நேர் மோதும் சண்டைக்கு, அழைக்கிறார். போகிறான், சாகிறான். அவன் எதற்காகப் போகிறான் என்றே அவளுக்குத் தெரியாது. இவனைக் காதல் நாயகன் என்று நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

வீணை நரம்பு | சனி, முற்பகல் 11.02

பழந்திரை, உங்கள் எரிச்சல் நியாயமானது. படமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். செய்தியைச் சொல்ல வரும்போது கிறிஸ்டீன் பேசுவதைக் கவனியுங்கள். மாக்டா ஷ்னைடரின் முகத்தை விட்டு கேமரா அசைவதே இல்லை. அவன் இறந்தான் என்பதைவிட, வேறொருத்திக்காக இறந்தான் என்பதுதான் அவளை உடைக்கிறது. அப்படியானால் நான் யார், எனக்கு என்ன இடம் என்று கேட்டுக்கொண்டே போகிறாள். அழுகை வருவதில்லை. வார்த்தைகள்தான் ஒன்றன்மேல் ஒன்று தடுக்கி விழுகின்றன. எதிரே நிற்பவர்களிடம் பதில் இல்லை.

நாடகத்தில் இந்த இடத்தில் அவள் வெளியே ஓடிவிடுவாள், தந்தை 'அவள் திரும்ப மாட்டாள்' என்பார், திரை விழும். படத்தில் அவள் அவனுடைய வீட்டு ஜன்னலிலிருந்து குதிக்கிறாள். குதிப்பதை நாம் பார்ப்பதில்லை. அந்தத் தந்தையாக வருபவர் பால் ஹோர்பிகர். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது அவரைத் தேடி வருகிறார்கள். விதி கதவைத் தட்டும் இசை என்று பலரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சிம்பொனி அது. இருந்தும் வாத்தியத்தை வைத்துவிட்டு அவர் எழுந்து வருவதைப் பார்க்கும்போது அந்தப் பழைய பேச்சு காதில் விழுவதில்லை.

மூன்றாம் மணி | சனி, பகல் 12.40

எரிச்சலைத் தனியாள் மேல் காட்டாமல் அந்த ஏற்பாட்டின் மேல் காட்டலாம். அன்றைய ஆஸ்திரிய ராணுவத்தின் நிலைமை விசித்திரமானது. நாட்டுச் சட்டப்படி துவந்த யுத்தம் குற்றம். ஆனால் அழைப்பை மறுக்கும் அதிகாரி பதவியை இழப்பார். போனால் குற்றவாளி, போகாவிட்டால் கோழை. பேரரசர் கார்ல் ராணுவத்தில் அதற்குத் தடை போட்டது 1917இல்தான். அதற்குள் உலகப்போரே முடிவை நெருங்கிவிட்டது.

ஷ்னிட்ஸ்லருக்கே இதில் சூடு பட்டது. அவர் தொழிலால் மருத்துவர், ராணுவத்தின் சேமப்படையில் மருத்துவ அதிகாரி. 1900இல் 'லெப்டினன்ட் குஸ்டல்' என்ற கதையை எழுதினார். ஒரு ரொட்டிக் கடைக்காரர் ஓர் அதிகாரியை அவமதித்துவிடுகிறார். கடைக்காரரைத் துவந்த யுத்தத்துக்கு அழைக்க முடியாது, அந்த உரிமை அவருக்குக் கிடையாது. ஆகவே மானம் காக்கத் தற்கொலை ஒன்றே வழி என்று அந்த அதிகாரி இரவெல்லாம் நகரைச் சுற்றுகிறான். ராணுவத்துக்குக் கோபம் வந்து 1901இல் ஷ்னிட்ஸ்லரின் பதவியைப் பறித்தது. சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: பத்திரிகையில் தன்னைத் தாக்கி எழுதியவர் மேல் அவர் நடவடிக்கை எடுக்கவில்லையாம். அதாவது அவரைப் போய் துவந்த யுத்தத்துக்கு அழைத்திருக்க வேண்டும்!

படத்தில் இந்தக் குரல் பிரிட்ஸின் நண்பன் தேயோவுக்குப் போயிருக்கிறது. மேலதிகாரியிடம் போய், தற்காப்புக்காக அல்லாமல் சுடும் ஒவ்வொரு குண்டும் கொலைதான் என்று வாதாடுகிறான். கேலியும் குறும்புமாகவே திரிந்த பையன் அந்த ஒரு காட்சியில் பெரியவனாகிவிடுகிறான்.

சுருள்பெட்டி | சனி, மாலை 4.15

நான் பழைய ஆபரேட்டர். கதை பற்றிப் பேச எனக்கு வராது. ஒரு சந்தேகம் மட்டும். கடைசி வரிசை ஐயா இரண்டு துப்பாக்கிச் சத்தம் என்கிறார். நான் ஓட்டிய நினைவில் ஒன்றுதான்.

வீணை நரம்பு | சனி, மாலை 5.00

சுருள்பெட்டி அண்ணா சொல்வதுதான் சரி. ஒன்றே ஒன்று. அதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது.

துவந்த யுத்தத்தை ஓபுல்ஸ் காட்டவில்லை. தேயோவும் மிட்ஸியும் தள்ளி நிற்கிறார்கள். முதலில் சுடும் உரிமை பிரபுவுக்கு. ஒரு வெடி கேட்கிறது. இனி பிரிட்ஸ் சுட வேண்டும். இருவரும் காத்திருக்கிறார்கள், நாமும் காத்திருக்கிறோம். இரண்டாவது வெடி வரவில்லை. வராத அந்தச் சத்தம்தான் சாவுச் செய்தி. ஜெர்மனியில் பேசும்படம் வந்து நாலைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒலி கிடைத்ததே என்று எல்லோரும் பாட்டும் பேச்சுமாகக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் மௌனத்தை வைத்து ஒருவனைக் கொன்றார்.

இருபது ஆண்டுகள் கழித்து 1953இல் பிரான்சில் 'மதாம் த...' எடுத்தபோதும் இதே உத்தியைக் கையாண்டார். அங்கும் கணவரே சவால் விடுகிறார், ஒரு வெடி, பிறகு நாயகி இரண்டாவதற்காகக் காது கொடுத்து நிற்கிறாள்.

கடைசி வரிசை | சனி, இரவு 8.30

மன்னிக்கவும், நான் இரண்டு கேட்டேன். இன்றும் காதில் இருக்கிறது. அவள் நடனக்காரி இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன், இதை ஒப்புக்கொள்ள முடியாது.

பழந்திரை | ஞாயிறு, காலை 8.00

படம் வெளியான நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1933 பிப்ரவரியில் வியன்னாவில் முதல் காட்சி. ஜனவரி 30ஆம் தேதியே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தாயிற்று. பிப்ரவரி 27ஆம் தேதி பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. ஓபுல்ஸ் யூதர், இயற்பெயர் ஓப்பன்ஹைமர், சார்புரூக்கனில் பிறந்தவர். அந்தத் தீக்குப் பிறகு குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மார்ச்சில் அவருடைய படம் பெர்லின் திரையரங்குகளில் ஓடுகிறது, அவர் ஊரில் இல்லை. இயக்குநர் பெயரே எழுத்துகளிலிருந்து நீக்கப்பட்டது. மே மாதம் நாஜிகள் எரித்த புத்தகங்களில் ஷ்னிட்ஸ்லருடையவையும் இருந்தன. அவர் 1931இலேயே இறந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மணி | ஞாயிறு, காலை 8.45

நடிகர்களில் இருவர் கதை அதற்கு நேர்மாறு. பிரிட்ஸாக நடித்த வொல்ஃப்காங் லீபனைனர் பிறகு இயக்குநரானார். 1941இல் அவர் எடுத்த 'இஷ் கிளாகே ஆன்' நோயாளிகளைக் கொல்வதை நியாயப்படுத்தும் பிரசாரப் படம். 1943இல் ஊஃபா என்ற பெரிய ஜெர்மன் படநிறுவனத்தின் தயாரிப்புப் பொறுப்புக்கே வந்தார். போர் முடிந்த பின் 1956இல் 'டிராப் குடும்பம்' எடுத்தார், பாடும் குழந்தைகளும் மலைகளுமாக. பிரபுவாக வரும் குஸ்டாஃப் குரூண்ட்கென்ஸ் பிரஷ்ய அரசு நாடக அரங்கின் தலைவரானார். அவரை மனதில் வைத்து கிளவுஸ் மான், நாஜிகளுக்கு விலைபோகும் ஒரு நடிகனின் கதையாக 'மெஃபிஸ்டோ' நாவலை எழுதினார். தேயோவாக நடித்த வில்லி ஐஷ்பெர்கர் நாட்டை விட்டுப் போய், ஹாலிவுட்டில் கார்ல் எஸ்மண்ட் என்ற பெயரில் நடித்தார்.

சுடுவது கொலை என்று திரையில் வாதாடியவர் ஊரைவிட்டுப் போகிறார். அந்தக் கொலைக்குப் பலியானவராக நடித்தவர் கொலையை நியாயப்படுத்திப் படம் எடுக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வால்ட்ஸை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

வீணை நரம்பு | ஞாயிறு, காலை 9.20

என்னால் முடிகிறது. 1933இல் அந்தப் பையன் ஆடும்போது 1941 இன்னும் வரவில்லை.

மூன்றாம் மணி | ஞாயிறு, காலை 9.31

வந்துவிட்டதே அம்மா, பார்ப்பவனுக்கு வந்துவிட்டதே.

வீணை நரம்பு | ஞாயிறு, காலை 9.50

இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை. ஒளிப்பதிவு செய்த பிரான்ஸ் பிளானரையாவது நிம்மதியாகப் பாராட்டலாம். அவரும் அமெரிக்கா போனார். 1948இல் ஓபுல்ஸ் அங்கே 'அறிமுகமற்ற பெண்ணின் கடிதம்' எடுத்தபோது கேமரா பிளானர்தான். பனி பெய்யும் வியன்னாவை ஹாலிவுட்டுக்குள் மறுபடி கட்டினார்கள்.

பழந்திரை | ஞாயிறு, பகல் 1.10

1958இல் வந்த பிரெஞ்சு வண்ணப்படத்தை யாரும் சொல்லவில்லையே? 'கிறிஸ்டீன்'. நாயகி ரோமி ஷ்னைடர், மாக்டா ஷ்னைடரின் மகள். 25 ஆண்டுகள் கழித்து அம்மாவின் பாத்திரத்தில் மகள். ஜோடி ஆலன் டெலோன், அந்தப் படத்தில்தான் இருவரும் காதலிக்கத் தொடங்கினார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். சீருடையெல்லாம் அப்போதுதான் இஸ்திரி போட்டது மாதிரி. மாக்டாவின் கிறிஸ்டீன் ஒரு சாதாரணப் பெண். கூச்சம், கொஞ்சம் அசட்டுத்தனம், பழைய கோட்டு. ரோமியைப் பார்த்தால் தேவதை. தேவதைக்குத் துயரம் வந்தால் நமக்கென்ன?

மூன்றாம் மணி | ஞாயிறு, மாலை 6.40

முதல் பதிவில் 'பெருங்காதல்' படத்தைப் போகிற போக்கில் சொன்னேன். இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942. ராணுவ அதிகாரியும் கலைக்காரியும், அதே ஜோடி. சாரா லேயாண்டர் பாடகி, விக்டர் ஸ்டால் விமானி. சந்திக்கிறார்கள், அவன் போர்முனைக்குத் திரும்புகிறான். திருமணம் நிச்சயமாகும்போதெல்லாம் அழைப்பு வருகிறது. அவள் கோபிக்கிறாள், பிரிகிறாள். கடைசியில் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறாள். அவன் காயம்பட்டு மலைப்பகுதியில் சிகிச்சையில் இருக்கிறான், அவள் போய்ச் சேருகிறாள். அவனுக்குச் சில வாரங்கள் விடுப்பு. அதற்குப் பிறகு? இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், மேலே விமானங்கள் பறக்கின்றன. கேள்விக்கு அதுதான் பதில். ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. அந்த ஆட்சிக்காலத்தில் மிகுந்த கூட்டம் சேர்த்த படங்களில் ஒன்று.

1933 படத்தில் சீருடையின் கட்டளை ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தின்றுவிடுகிறது, அது அநியாயம் என்று படம் கத்தாமல் சொல்கிறது. 1942 படத்தில் அதே கட்டளை. அதற்கு வழிவிடத் தெரியாததுதான் பெண்ணின் குறை என்கிறது. முன்னதில் வானம் வெறுமையாக, பனிவெளிக்கு மேலே கிடக்கிறது. பின்னதில் வானம் முழுக்க விமானம்.

இன்னொன்றும் உண்டு. 'பெருங்காதல்' பாடல்களில் ஒன்று, ஒருநாள் ஓர் அதிசயம் நடக்கும் என்று நம்பிக்கை சொல்வது. போரின் கடைசி ஆண்டுகளில் ஜெர்மனியே முணுமுணுத்த பாட்டு. எழுதியவர் புருனோ பால்ட்ஸ். ஆண்களைக் காதலித்த குற்றத்துக்காக நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்து வைத்திருந்து விட்ட மனிதர். அவர் என்ன அதிசயத்தை நினைத்து எழுதினாரோ.

கடைசி வரிசை | ஞாயிறு, இரவு 9.15

படித்தேன். பனிவெளி என்றதும் முடிவு ஞாபகம் வந்துவிட்டது. எல்லாம் முடிந்த பின் மறுபடி அந்தக் காடு வருமே, ஆள் இல்லாமல்?

வீணை நரம்பு | ஞாயிறு, இரவு 9.40

ஆமாம். சறுக்கு வண்டியில் போகும்போது அவள் சத்தியம் கேட்பாள், அவன் செய்வான், என்றென்றைக்கும் என்பான். கடைசியில் வண்டி இல்லை, ஆட்கள் இல்லை. பனி மட்டும். அந்தச் சத்தியம் மட்டும் குரலாகத் திரும்ப வருகிறது. முதல் முறை கேட்டபோது அது வாய்க்கு வந்த பேச்சு, எந்தக் காதலனும் சொல்வது.

கடைசி வரிசை | புதன், இரவு 11.55

இன்று பார்த்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, காதுக்கருவி மாட்டிக்கொண்டு.

தொடக்கத்தில் இசை நாடக அரங்கின் மேல் மாடத்திலிருந்து மிட்ஸி தொலைநோக்கிக் கண்ணாடியைக் கீழே தவறவிடுகிறாள், அது அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் விழுகிறது. இதை அடியோடு மறந்திருந்தேன். அவர்கள் அறிமுகமானதே அந்தக் கைநழுவலால்தான். காப்பிக் கடை நடனம் நான் நினைத்த அளவுக்கு நீளமில்லை, சில நிமிடங்கள்தான். என் தலைக்குள் அது அரை மணி நேரம் ஓடியிருக்கிறது.

துப்பாக்கி ஒரு முறைதான். மூன்று தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். ஒன்றுதான்.

சுருள்பெட்டி | வியாழன், காலை 6.10

ஐயா, நீங்கள் பார்த்தது 16 மி.மீ.தானே? கழகக் காட்சிகளில் தனி அறை இருக்காது. புரொஜெக்டர் கூட்டத்தின் நடுவிலோ கடைசி வரிசைக்குப் பின்னாலோ நிற்கும். முதல் சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவோம். அது ஓடும்போதே முதல் சுருளைக் கையால் திருப்பிச் சுற்றித் தகர டப்பாவில் அடைப்போம், படத்தை உடனே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். டப்பா மூடி கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் என்ன சத்தம் வரும் தெரியுமா? எனக்கே பல முறை நடந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

கடைசி வரிசை | வியாழன், இரவு 10.20

அந்தப் பக்கத்து இருக்கை நண்பனை இன்று தொலைபேசியில் பிடித்தேன். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். படத்தின் பெயரைச் சொன்னேன், நினைவில்லை என்றான். கதையைச் சொன்னேன், பனி நினைவிருக்கிறது என்றான். எத்தனை தடவை வெடித்தது என்று மட்டும் கேட்டேன், வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

யோசிக்காமல் இரண்டு என்றான்.

சுருள்பெட்டி | வியாழன், இரவு 10.26

அப்படியானால் டப்பாதான்.